ஈஸ்ட் செய்யும் நுண்துகளும் ஒரு பாட்டில் வெள்ளித் தண்ணீரும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் வார்டுகளில் கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்வது வழக்கம். இந்த முறை ஈஸ்ட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் முன்வரிசையில் இருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சிரிக்கிறீர்கள். பன் சுடுவது பற்றி அல்ல, பயப்பட வேண்டாம். புளித்த மாவின் உவமையைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்தும், அந்த மாவைப் பொங்கச் செய்கிற சின்ன உயிரைப் பற்றி நாங்கள் ஒன்றும் அறியாமலேயே இருந்தோம். அந்த அறியாமையால் ஒரு சகோதரிக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லவே இன்று நிற்கிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, வார்டு ஜெபத்தில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை வாசித்தோம். ஈஸ்ட்டைக் கொண்டு செய்த வெள்ளி நுண்துகள்கள் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்தன என்பது செய்தி. "அப்பம் புளிக்கச் செய்கிற ஈஸ்ட்டைக் கொண்டே ஆண்டவர் புற்றுநோய்க்கும் மருந்து தருகிறார்" என்று நாங்கள் மகிழ்ச்சியோடு சொன்னோம். எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்த வார்டில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு சகோதரி இருந்தார். மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றும் சிகிச்சையில் மூன்று தவணை ஆகியிருந்தது. தலைமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சியும் இறங்காமல் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் தவணைக்கு அவர் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து அவருடைய அண்ணன் ஒரு பாட்டிலோடு எங்கள் அறைக்கு வந்தார். "ஐயா, நீங்க சொன்ன வெள்ளி மருந்து இதுதானா? தங்கச்சிக்கு ஒரு மாசமா காலையில சாயங்காலம் குடுக்குறோம். கை வீக்கம் குறையவே இல்லையே" என்றார். யாரோ ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விற்ற வெள்ளித் தண்ணீர் அது. தங்கைக்காக இரண்டு ஆடுகளை விற்று வாங்கியிருந்தார்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் லேபில் பணியாற்றும் மூத்த சகோதரரிடம் போய் உட்கார்ந்து, "நாங்கள் என்ன சொன்னோம் என்பதை எங்களுக்கு விளங்கச் சொல்லுங்கள்" என்று கேட்டோம். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்களுக்கு இந்த வயதில் இது எளிதாக ஏறவில்லை. பல நாள் ஆயிற்று.

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தாரும் பெல் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு வகை ஈஸ்ட்டுகளுக்குக் காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று ஆப்பிரிக்கத் தினை பீரில் கண்டெடுக்கப்பட்டது; அதன் பெயரிலுள்ள 'பாம்பே' என்ற சொல்லே சுவாஹிலி மொழியில் பீரைக் குறிக்கும். மற்றது கேண்டிடா வகை, மனிதரைத் தொற்றும் குணமுள்ளது. நம் டாக்டர்களுக்கு நல்ல அறிமுகம். நஞ்சு உள்ளே வந்ததும் இவை சிறு புரத இழைகளைச் சுரந்து காட்மியத்தைக் கட்டுகின்றன. அதோடு கந்தகத்தைச் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு நானோமீட்டர் அளவுள்ள படிகமாக்கி, மேலே அந்தப் புரதத்தையே உறையாகப் போர்த்திவிடுகின்றன. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான லூயி புரூஸ், இவ்வகை நுண்துகள்களைக் குறித்த தம் ஆய்வுக்காக 2023-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

கவனியுங்கள், ஈஸ்ட் நமக்காக மருந்து செய்யவில்லை. தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமலே நாங்கள் அன்று வாசித்துவிட்டோம்.

இன்னொன்று எங்களுக்கு மிகவும் சுவையாயிருந்தது. கள் ஊற்றிக் கரைத்த ஆப்ப மாவைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சும்மா கிடக்கும், பிறகு நுரைத்துப் பொங்கும், கடைசியில் அடங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் வளர்வதும் அப்படித்தான். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியார் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், காட்மியத்தை எந்த வேளையில் சேர்க்கிறோம் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. பொங்கத் தொடங்கும்போதே சேர்த்தால் செல்லின் இயக்கம் கெட்டுப்போகிறது. அடங்கின பிறகு சேர்த்தால் பயனில்லை. நடுவளர்ச்சியில் சேர்த்தால்தான் துகள் நிறையக் கிடைக்கிறது. நம் நாட்டில் புனே நகரத்து அகர்கர் ஆய்வு நிறுவனத்தார் 2003-இல், வெள்ளியைத் தாங்கக்கூடிய ஓர் ஈஸ்ட்டுக்கு அது மும்முரமாய் வளரும் வேளையில் வெள்ளியைக் கொடுத்து, செல்லுக்கு வெளியே 2 முதல் 5 நானோமீட்டர் வரையுள்ள வெள்ளித் துகள்களைப் பெற்றார்கள்.

அப்படியானால் அந்தத் துகள் புற்றுநோய்ச் செல்லைத் தடுப்பது பொய்யா? பொய்யல்ல. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின்மேல் அதை ஊற்றினால், குறைந்த அளவில் வளர்ச்சி மந்தமாகிறது, கூடின அளவில் செல் செத்துப்போகிறது. துகளிலிருந்து கசியும் வெள்ளி, கந்தகமுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு செல்லின் வேலையை நிறுத்துகிறது. இதே வழியில்தான் அது கிருமிகளையும் கொல்லுகிறது. ஆனால் நல்ல தோலின் செல்களையும் தட்டில் வளர்த்து வெள்ளியை விட்டால் அவையும் வாடுகின்றன. தீக்காய வார்டில் 1968 முதல் உலகமெங்கும் பயன்பட்டுவரும் வெள்ளைக் களிம்பை உங்களில் பலர் அறிவீர்கள். அதிலும் வெள்ளிதான் இருக்கிறது. கிருமிக்கு நல்லது, ஆனால் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று கண்டு, இப்போது பல மருத்துவர்கள் புண் சுத்தமானதும் வேறு கட்டுக்கு மாறிவிடுகிறார்கள். நம் நர்ஸ் சகோதரிகள் இதைப் பல காலமாகவே அறிந்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் எங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

தட்டில் செல் சாவதற்கும் மனிதன் குணமடைவதற்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. நுண்துகள் மருந்துகள் உண்மையாகவே உண்டு. கொழுப்பு உறைக்குள் வைத்த டாக்ஸில் என்னும் புற்றுநோய் மருந்துக்கு 1995-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதுவும் நோயாளிகளிடத்தில் அளவு பார்த்து, பக்கவிளைவு பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே. ஈஸ்ட் செய்த வெள்ளித் துகள் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. பாட்டிலில் விற்கும் வெள்ளித் தண்ணீரோ அந்த வழியிலேயே இல்லை. அது எந்த நோய்க்கும் பாதுகாப்பானதென்றோ பலன் தருமென்றோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 1999-இலேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தால் தோல் நீலம் பாய்ந்து சாம்பல் நிறமாகும். அந்த நிறம் போகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். பேருந்து இறங்கி இரண்டு மைல் நடை. சகோதரி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தார். "அம்மா, நாங்கள் விளங்காமல் சொல்லிவிட்டோம். எங்களை மன்னிக்கவேண்டும்" என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அந்த ஊசிக்குப் பயந்துதான் நானும் இதை நம்பினேன். உங்களைமட்டும் சொல்லக்கூடாது" என்றார். வாய்ப்புண்ணுக்கும் வாந்திக்கும் முன்கூட்டியே மருந்து கொடுக்க வழியுண்டு என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னோம். அதைத்தான் அவர் இரண்டு முறை திரும்பக் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வந்தார். தவறிய வாரங்கள் தவறியவைதான். அதனால் என்ன இழப்பு என்று டாக்டர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மீதித் தவணைகளை முடித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். போன முறை எங்கள் மேஜைக்கு ஒரு விரிப்பு தைத்துக் கொண்டுவந்தார்.

இப்போது மருத்துவச் செய்தி எதையும் லேப் சகோதரரிடமோ ஒரு டாக்டரிடமோ காட்டாமல் வார்டு ஜெபத்தில் வாசிப்பதில்லை. அதனால் சில நாட்கள் வாசிக்க ஒன்றுமே இல்லாமல் போகிறது. சங்கீதம் வாசித்துக்கொள்ளுகிறோம். அண்ணன் கொடுத்துவிட்டுப் போன பாட்டில் பாதி காலியாய் அந்த விரிப்பின்மேல் இருக்கிறது. செய்தித்தாள் துண்டையும் அதன் அடியிலேயே வைத்திருக்கிறோம்.