வைத்தியசாலையில் நான்காம் துணை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வைத்தியசாலை என்றவுடன் நமது மனக்கண்முன் தோன்றுபவர் இருவர். கழுத்திலே குழாயைத் தொங்கவிட்ட டாக்டர் ஒருவர். வெள்ளுடை தரித்த தாதி மற்றவர். இவ்விருவரின் பெருமையைக் குறைத்துரைப்பது நமது நோக்கமன்று. ஆயினும், ஒருவன் நோயிலே விழுந்த நாள் தொடக்கம் தன் வீட்டு முற்றத்தில் மீண்டும் நடமாடும் நாள் வரைக்கும் அவனைத் தாங்கும் கைகள் இன்னும் பல உள. அக்கைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுக் கருத்தன்று. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு நின்றுவிடாது, பக்கத்திலிருந்து துணைசெய்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். மிஷன் பாடசாலையிற் கற்ற நம்மிற் சிலர் நல்ல சமாரியன் கதையைக் கேட்டு வளர்ந்தோம். காயங் கட்டிய சமாரியனை உலகம் போற்றுகின்றது. அவன் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போன பின்னர், அந்நோயாளியை வைத்துப் பராமரித்த சத்திரக்காரனைப் பற்றிப் பேசுவோர் அரியர். நான்காம் துணையை மறப்பது எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான குறைதான் போலும்.

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உயிரைக் காப்பாற்றியது டாக்டரின் திறமை. அதற்குமேல் என்ன? அவர் விழுங்கும் ஆற்றலும் தளர்ந்திருக்கலாம். பசிக்குமே என்று இரங்கி உறவினர் பருக்கும் கஞ்சி, இரைப்பைக்குச் செல்லாது சுவாசப்பைக்குச் சென்று நியூமோனியாவை விளைவிக்கக் கூடும். எதனை, எவ்வாறு, எந்த நிலையில் இருத்திக் கொடுக்கலாம் என்று சோதித்துச் சொல்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். எழுப்பி இருத்துவதற்காகச் சோர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டுக் கெடும். அதனைத் தவிர்த்து இருக்கவும் நிற்கவும் நடக்கவும் பயிற்றுபவர் இயன்மருத்துவர். ஒரு கையாற் சாரம் உடுக்கவும், சோறு உண்ணவும், கிணற்றடிக்குப் போய்வரவும் வழிகாட்டுபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். வயலை யார் பார்ப்பது, கிளினிக்குக்குப் போக வாகனக் கூலி எங்கே, எந்த உதவிப் பணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பவற்றை விசாரித்து ஒழுங்கு செய்பவர் சமூக சேவை உத்தியோகத்தர். இவர்களுள் ஒருவர் இல்லையென்றாலும், டாக்டர் காப்பாற்றிய உயிர் திண்ணைக் கட்டிலிலே முடங்கிக் கிடக்க நேரலாம்.

இச்சேவைகள் பிறந்த கதையும் அறியத்தக்கது. லண்டனிலுள்ள றோயல் பிறீ வைத்தியசாலை 1895ஆம் ஆண்டிலே மேரி ஸ்ருவார்ட் என்னும் பெண்மணியை மூன்று மாதத் தவணைக்கு நியமித்தது. இலவச வைத்தியத்தைத் தகுதியற்றோர் பெறாது தடுப்பதே அவருக்கு முதலில் இடப்பட்ட வேலை. காவற்காரராக அமர்த்தப்பட்ட பதவி, நாளடைவிலே ஏழை நோயாளியின் துணையாக மாறியது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே டாக்டர் றிச்சர்ட் கபொட் என்பவர், "நல்ல உணவு உண், ஓய்வெடு" என்று எழுதிக் கொடுப்பது, உணவும் ஓய்வும் இல்லாத வீட்டுக்கு வீண் எனக் கண்டார். 1905இல் மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் சமூக சேவைப் பணியை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த ஐடா கனன் அம்மையார் 1945 வரை அப்பணியை வளர்த்தார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் முதுகெலும்பு முறிந்து கால்கள் விளங்காதவர்களிற் பெரும்பாலோர், படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றினாலும் விரைவில் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையிலே டாக்டர் லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்று விதித்தார். எத்தனை எளிய செயல்! ஆனால் நள்ளிரவில் அதைச் செய்த கைகள் எவருடையவை? 1948 யூலை 29ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் ஆரம்பமான அதே தினத்தில், அவ்வைத்தியசாலை மைதானத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து 16 பேர் வில்வித்தைப் போட்டியிற் கலந்துகொண்டனர். இன்றைய பராலிம்பிக் விளையாட்டின் வித்து அதுவே.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து, வெறுங்காலோடு நடப்போருக்கும் சேற்று வயலில் இறங்குவோருக்கும் நிலத்திற் குந்துவோருக்கும் ஏற்ற இறப்பர்ப் பாதத்தை உருவாக்கினர். யுத்தத்திலே கால் இழந்த நம் நாட்டவர் பலரையும் நடக்கவைத்தது அப்பாதம். 1981இல் டாக்டருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இனி நமது விஷயத்துக்கு வருவோம். பிள்ளை டாக்டராகவில்லையெனின் அவன் தோற்றுவிட்டான் என்று எண்ணும் மயக்கம் நமது வீடுகளில் ஆழ வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தாதியியல், மருந்தாளர் கல்வி, ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியனவும், பேராதனையிலே இயன்மருத்துவமும் கதிர்ப்படவியலும், களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்திலே பேச்சு, கேட்டல் விஞ்ஞானமும் பட்டப்படிப்புகளாக உள்ளன. அவற்றிற்குச் செல்பவனைப் பார்த்து, "மெடிசின் கிடைக்கவில்லையா?" என்று கேட்பது நமது வழக்கம். பெரியோர்களே, அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள் என்று பணிவுடன் வேண்டுகின்றோம். தமிழில் நோயாளியோடு பேசி, அவன் இழந்த சொல்லை மீட்டுக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையாளரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வேறொருவர் ஈடுசெய்ய இயலாது.

இளைஞர்களே, பட்டம் பெறாதவரும் செய்யத்தக்க பணி உண்டு. கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு முதன்முறை செல்லும் கிராமத்து நோயாளிக்கு நோயிலும் பெரிய துன்பம் பாஷை தெரியாமையே. மும்மொழி அறிந்த ஒருவர் கூடச் செல்லலாம். விண்ணப்பப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கலாம். வீடு திரும்பிய நோயாளியை எவ்வாறு தூக்குவது, புரட்டுவது என்பதை, அறிந்தவரை அழைத்து நமது மண்டபத்திலே தாய்மாருக்குக் கற்பிக்கலாம். ஆனால் ஒன்று: பயிலாத கையால் வைத்தியம் செய்யப் புகுதல் ஆகாது. அன்பு மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்பதற்குக் கஞ்சி பருக்கிய உறவினரே சாட்சி.

மண்டபம் என்றதும் மற்றொன்றும் சொல்லவேண்டும். நமது மண்டபங்களின் வாயிலிலும் கோயில்களின் வாயிலிலும் படிகள் உள. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை எத்தனை இடத்தில் உண்டு? வைத்தியசாலை ஒருவனை நாற்காலியில் இருத்தி ஊருக்கு அனுப்பும். ஊர் அவனைப் படியின் கீழே நிறுத்திவிடும். இவ்வாண்டுத் திட்டத்திலே சில மூடை சீமெந்தும் ஒரு மேசனின் சில நாட் கூலியும் சேர்க்கப்படுமாயின், இம்மேடையிற் பேசப்பட்ட அனைத்திலும் அதுவே சிறந்த பேச்சாகும்.