முதியவர் அருகில் ஒரு சிறுவர்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முதியோரைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. அவர்களுக்கு உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும், அவர்களிடம் கடுஞ்சொல் கூடாது என்பனவற்றை ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் பேச விரும்புவது, நாம் பெரிதும் மறந்துவிட்ட மற்றொரு கடமையைப் பற்றி. அவர்களிடம் சென்று அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, எழுதி வைப்பதே அக்கடமை. நம் முன்னோர்களான ஹதீஸ்கலை அறிஞர்கள் இதனை எவ்வளவு பெரிய காரியமாகக் கருதினார்கள் என்பதற்கு ஒரு வரலாற்றைக் கூறுகிறேன்.

டமாஸ்கஸ் நகரில் அஹ்மத் என்ற பெயருடைய கல் தச்சர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய தொழிலாலேயே ‘அல் ஹஜ்ஜார்’ என்று அழைக்கப்பட்டார். அவர் நூல்கள் எழுதியவர் அல்லர். மத்ரஸாவில் ஆசிரியராக அமர்ந்தவரும் அல்லர். ஹிஜ்ரி 706ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1306ஐ ஒட்டி, பழைய பதிவேடு ஒன்றில் அவருடைய பெயரை அறிஞர்கள் கண்டார்கள். ஹதீஸ் நூல் ஓதப்படும் சபையில் யார் யார் அமர்ந்து கேட்டார்கள் என்பதை, சிறுவர்கள் உட்பட, பெயர் பெயராக எழுதி வைப்பது அக்கால வழக்கம். ஹிஜ்ரி 630இல் இமாம் ஸபீதி அவர்கள் ஸஹீஹுல் புகாரியை ஓதிக் கொடுத்த சபையில் அமர்ந்திருந்த சிறுவர்களுள் இந்த ஹஜ்ஜாரும் ஒருவர் என்பது அப்பதிவேட்டால் தெரிய வந்தது.

அந்தச் சபையில் அமர்ந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்ட காலம் அது. செய்தி பரவியதும் ஆலிம்கள் அந்தத் தொழிலாளியைத் தேடி வந்தார்கள். அவர் முன்னிலையில் ஸஹீஹுல் புகாரி பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் ஓதப்பட்டது. தஃப்ஸீர் ஆசிரியர் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களும் அவரிடம் கேட்டவர்களுள் ஒருவர். ஹிஜ்ரி 730இல் நூறு வயதைக் கடந்த நிலையில் ஹஜ்ஜார் மறைந்தார். அவர் சிறுவராகக் கேட்டதற்கும் அவருடைய மறைவுக்கும் இடையே சரியாக நூறு ஹிஜ்ரி ஆண்டுகள்.

இத்துடன் முடியவில்லை. ஹஜ்ஜாரின் ஆசிரியர் ஸபீதி அவர்கள், பக்தாதில் தாம் சிறுவராக இருந்தபோது, அபுல் வக்த் என்னும் முதியவரிடம் அந்நூலைக் கேட்டவர். அபுல் வக்த் அவர்கள் ஹிஜ்ரி 553இல் 95 வயதில் மறைந்தவர். அவரும் ஏழு வயதில்தான் இக்கல்வியைப் பெற்றார். ஹிஜ்ரி 465இல் ஹிராத் நகரிலிருந்து பூஷன்ஜ் என்னும் ஊருக்கு அவருடைய தந்தை அவரைக் கால்நடையாக அழைத்துச் சென்றார். நடக்க முடியாமல் பிள்ளை சோர்ந்தபோது கழுத்தின் மேல் தூக்கிச் சுமந்தார். அங்கே அவருக்கு ஓதிக் கொடுத்த தாவூதி அவர்களுக்கு அப்போது வயது தொண்ணூற்றுக்கு மேல்.

சகோதரர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். ஹிஜ்ரி 465 முதல் 730 வரை 265 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட காலத்தைக் கடக்க மூன்றே மனிதர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது ஒன்றுதான்: மிக முதிய ஒருவரின் அருகில் மிக இளைய ஒருவர் அமர வைக்கப்பட்டார். இடையில் ஆட்கள் குறைந்த இத்தகைய தொடரை ‘இஸ்னாத் ஆலீ’, அதாவது உயர்ந்த அறிவிப்புத் தொடர் என்று நம் முன்னோர் போற்றினார்கள்.

பெண்களும் இச்சிறப்பில் பின்தங்கியவர்கள் அல்லர். அதே ஸபீதி அவர்களிடம் கேட்ட ஸித்துல் வுஸரா என்னும் அம்மையார், தொண்ணூறு வயதை ஒட்டிய காலத்தில் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் ஸஹீஹுல் புகாரியை ஓதிக் கொடுத்தார்கள். வீட்டின் உள்ளறையில் இருக்கும் மூதாட்டியிடம் கேட்டறிய என்ன இருக்கிறது என்று எண்ணுபவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

முதியோர் சொல்வதையெல்லாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டின் பதிண்டா பகுதியில் ரதன் என்பவர், தாம் நபி (ஸல்) அவர்களை நேரில் கண்டவர் என்றும் அறுநூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர் என்றும் கூறிக்கொண்டதாகச் செய்தி பரவியது. இமாம் தஹபி (ரஹ்) அவர்கள் அதனை மறுத்துத் தனி நூலே எழுதினார்கள். நம்பகமான ஓர் அறிவிப்பாளர் முதுமையில் நினைவு தடுமாறினால், தடுமாற்றத்துக்கு முன் சொன்னது எது, பின் சொன்னது எது என்று பிரித்து எழுதினார்கள். அதனால் அவருடைய கண்ணியத்துக்குக் குறைவு வரவில்லை. அன்போடு கேட்பதும் ஆராய்ந்து எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனி நம் மஹல்லாவுக்கு வருவோம். நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும்போது நான் சந்திக்கும் பெரியவர்களுள் ஒருவர் ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று அந்நகரின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவர் சிறுவர். லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறிய அந்நாட்களில், தம் தாயாரின் கையைப் பிடித்துக் காட்டு வழியாக அஸ்ஸாம் வரை நடந்ததாகச் சொல்கிறார். வழியில் அடக்கம் செய்யப்பட்ட தம் தங்கையின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்கிறது. அந்தப் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகளும் அதனை அறிந்திருக்கவில்லை.

மற்றொருவர் கொத்தனார் வேலை செய்து ஓய்ந்தவர். நம் ஹவுளுக்குத் தண்ணீர் வந்த பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் மூடப்பட்டது, கபரஸ்தானின் கிழக்கெல்லையில் நின்ற புளியமரம் எது, அந்த இடத்தை வாய்மொழியாக வக்ஃபு செய்தவர் யார் என்பனவற்றை அவர் கைத்தடியால் சுட்டிக் காட்டுகிறார். ஹஜ்ஜாரும் கல் தச்சர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகையோர் பலருக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஆகவே வயதை நேராகக் கேட்டுப் பயனில்லை. நிகழ்ச்சிகளைக் கொண்டு கேளுங்கள். நாடு விடுதலை பெற்ற 1947இல் ஓதப் போய்க்கொண்டிருந்தீர்களா? 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது சம்பாதிக்கத் தொடங்கியிருந்தீர்களா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது நிக்காஹ் முடிந்திருந்ததா? இப்படிக் கேட்டால் வயது தானே வெளிப்படும். பின்னர் நம் பள்ளியின் நிக்காஹ் தஃப்தரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலகில் சான்றுகளால் உறுதி செய்யப்பட்ட மிக நீண்ட ஆயுள், பிரான்சு நாட்டில் 1997இல் தமது 122ஆம் வயதில் மறைந்த ழான் கல்மோன் என்ற அம்மையாருடையது. அதுவும் ஊர்ப் பதிவேடுகளை ஒப்பிட்டே உறுதி செய்யப்பட்டது. இன்னொரு கணக்கும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. எனவே ஆங்கிலக் கணக்கில் 97 வயது நிறைந்தவர், ஹிஜ்ரிக் கணக்கில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளை நிறைவு செய்தவராகிறார்.

நிர்வாகத்தினரிடம் என் வேண்டுகோள் இது. எண்பது வயதைக் கடந்த ஆண், பெண் அனைவருக்கும் ஒரு பதிவேடு தொடங்குங்கள். வாரம் ஒருவர் வீதம், வீட்டாரின் அனுமதியோடு, இரண்டு இளைஞர்கள் செல்லட்டும். மூதாட்டிகளிடம் நம் பெண்மக்கள் செல்லட்டும். உடன் ஒரு சிறுவரையோ சிறுமியையோ அழைத்துச் செல்லுங்கள். முதியவர் களைப்படையுமுன் எழுந்துவிடுங்கள். சொன்னதையே மூன்று முறை சொன்னாலும் முதன்முறை கேட்பதுபோல் கேளுங்கள். நாள், இடம், சொன்னவர் பெயர், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். நில எல்லை போன்ற செய்திகளைப் பத்திரங்களோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இடமாற்றமும் பிழையும் இருந்தால் அதனையும் குறித்து வையுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்தால் போதாதா என்று கேட்கலாம். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் உடன் வந்த பிள்ளையை அந்த நன்னா, நன்னியின் அருகிலேயே உட்கார வையுங்கள். இன்று ஏழு வயதுள்ள பிள்ளைக்கு அல்லாஹ் தொண்ணூறு ஆண்டுகள் ஆயுளைத் தந்தால், ரங்கூனிலிருந்து நடந்து வந்தவரை நேரில் கண்டேன் என்று சொல்லும் ஒருவர் 2100ஆம் ஆண்டுக்குப் பின்னரும் இந்த ஊரில் இருப்பார்.

ஆண்டறிக்கையில் இவ்வாண்டு நாம் அடக்கம் செய்தவர்களின் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் எண்பதைக் கடந்தவர்களிடம் கேட்க வேண்டியவற்றை இனிக் கேட்க இயலாது. அவர்களுக்காக துஆச் செய்வோம். இருப்பவர்களிடம் இந்த வாரமே செல்வோம்.

நம் மூத்தோர்களுக்கு அல்லாஹ் ஆரோக்கியமான நீண்ட ஆயுளையும், நமக்கு அவர்கள் அருகில் அமரும் பொறுமையையும், நம் பிள்ளைகளுக்குக் கேட்கும் செவியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.