பாரம் ஏறும்போது தெரியும் முடிச்சு

(வானொலியில் ஒலிபரப்பான காலைச் சிந்தனை)



நம் தஞ்சை வட்டாரத்து ஊர்களில் மதியச் சமையல் முடிந்த நேரத்தில் தெருவில் நடந்தால், திண்ணையில் உட்கார்ந்து வயர் கூடை பின்னும் பெண்களைப் பார்க்கலாம். அந்தக் கூடையில்தான் நாம் வயலுக்குச் சோறு கொண்டுபோகிறோம். சந்தையில் காய் வாங்குகிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது மாற்றுத்துணி எடுத்துச் செல்கிறோம். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னலுக்குப் பல பெயர்கள் உண்டு. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு வயரை மடித்து, அந்த மடிப்புக்குள் இன்னொரு வயரை நுழைத்து இழுக்க வேண்டும். அப்போது ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். தனி வயரால் கூடை ஆகாது.

ஒருநாள் ஒரு வீட்டுத் திண்ணையில் பேத்தி பின்னிக்கொண்டிருந்தாள். அப்பாயி அந்தக் கூடையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூன்று வரிசைக்குக் கீழே ஒரு முடிச்சு சரியாகப் பூட்டாமல் வாய் திறந்திருந்தது.

"அவுத்துட்டுப் பின்னு."

"மூணு வரிசையையுமா? யாரு அப்பாயி இதைப் பாக்கப் போறா?"

"பாக்குறதுக்கு இல்லடி. பாரம் ஏத்துனா மொதல்ல விடுறது அந்த இடந்தான்."

பேத்தி முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள். அப்பாயி சொன்ன அந்த ஒரு வார்த்தையை இன்று நாம் நமக்கே சொல்லிக்கொள்வோம்.

பின்னல் நம் வாழ்க்கையோடு கூடவே வருவது. சடை பின்னுகிறோம். கீற்று முடைகிறோம். குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் பிள்ளைகள் ஓலையில் சிலுவை பின்னுகிறார்கள். நாம் உடுத்தும் பனியனும் பின்னல் துணிதான். திருபுவனத்துப் பட்டு தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து நெய்யப்படுகிறது. பனியனிலோ நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி போலக் கீழே வரை பிரிந்துகொண்டே போகும்.

மெல்லிய நூல் எவ்வளவு பாரம் தாங்கும்? நாகர்கோவிலைக் கேட்டால் தெரியும். 1819இல் லண்டன் மிஷன் ஊழியரான தம் கணவரோடு அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அன்று திருவிதாங்கூரில் மனிதரை விற்பதும் வாங்குவதும் நடந்துகொண்டிருந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். பின்னர் 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டர், ஆதரவற்ற சிறுமிகளை அரவணைத்தார். அங்கும் அருள்சகோதரிகள் லேஸ் வேலையைக் கற்றுத் தந்தார்கள். ஊதினால் பறக்கும் நூல் அது. ஆனால் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டதால், ஒரு வாழ்க்கையையே தாங்கியது.

நம் பகுதியிலும் பாரம் ஏறிய நாள் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் போயின. கூரைகள் பறந்தன. மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை. நம்முடைய உறவுகளில் எந்த முடிச்சு இறுகியிருந்தது, எது வாய் திறந்திருந்தது என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. முன்பின் பழகாதவர்கள் ஒரு குடம் தண்ணீரோடு வாசலில் வந்து நின்றார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த அண்ணன் மட்டும் வரவில்லை. நாமும் போய்ப் பார்க்கவில்லை. காரணம் புயல் அல்ல. என்றோ ஒரு வரப்புத் தகராறில், அல்லது வாய்க்கால் முறைத்தண்ணீரில், நழுவிய கண்ணி அது. அன்றே சரிசெய்திருக்கலாம். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று அதன்மேல் நாம் வரிசை வரிசையாகப் பின்னிக்கொண்டே போனோம். கல்யாணம் வந்தது, பத்திரிகை போகவில்லை. சாவு வந்தது, வாசலோடு திரும்பினோம். வெளியிலிருந்து பார்க்கக் கூடை அழகாகத்தான் இருந்தது.

அன்பிற்குரியவர்களே, அவிழ்ப்பது எளிதல்ல. வயர் பழைய மடிப்பிலேயே சுருண்டு நிற்கும், விரல் வலிக்கும். பின்னியது வீணாயிற்றே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அவிழ்த்த வயர் வீணாவதில்லை. அதே வயரைக்கொண்டுதான் மறுபடியும் பின்னுகிறோம். மலைப்பொழிவில் ஆண்டவர் இதைத்தான் கேட்கிறார். பீடத்துக்குக் காணிக்கை கொண்டுவரும் நேரத்தில், நம்மேல் சகோதரருக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போகச் சொல்கிறார். வழிபாடு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. தவறிய வரிசைக்கு முதலில் திரும்பிப் போ என்கிறார்.

சில உறவுகளை நாம் இறுக்கி இழுத்தே கெடுத்துவிடுகிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினால் கூடை கோணிப்போகும். பிள்ளைகளிடம், மருமகளிடம், கூலிக்கு வருபவரிடம் நம் பிடி எப்படி இருக்கிறது? தளர்ந்த முடிச்சு விட்டுப்போகும், இறுகிய முடிச்சு கோணும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. அது கைக்குப் பழகப் பழகத்தான் வரும்.

இன்று மாலை விளக்கு வைத்தபின் நம் வீட்டுக் கூடை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். பார்க்கும்போது நம் வாழ்வில் வாய் திறந்திருக்கும் முடிச்சு எது என்று யோசிப்போம். ஒரு பெயர் நினைவுக்கு வரும். அந்த வீட்டுக்குப் போக அடுத்த புயல்வரை காத்திருக்க வேண்டாம். தைப் பொங்கல் வரட்டும் என்றுகூடத் தள்ளிப்போட வேண்டாம். போய், "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்டால் போதும். முதல் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நம்மையெல்லாம் ஒருவரோடு ஒருவர் பிணைத்து வைத்திருக்கும் இறைவன், நம் விரல்களுக்கு அந்தப் பொறுமையைத் தருவாராக.