ரோமாபுரி வெள்ளிக் காசுகளில் அரசியரும் தேவியரும்



பண்டை ரோமாபுரியில் வழங்கிய தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசுகளைக் குறித்து யாம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அரசியர் பெயரால் அடிக்கப்பட்ட காசுகளில், ஒரு புறம் சக்கரவர்த்தினியின் முகமும், மறுபுறம் பெரும்பாலும் ஒரு தேவியின் உருவமும் காணப்படும். அரசி எக்குணமுடையவளென்று உலகம் எண்ணவேண்டுமென அரண்மனை விரும்பிற்றோ, அக்குணத்திற்குரிய தேவியே அங்கு நிற்பாள். கற்பிற்குப் புதிசிதியா, மகப்பேற்றிற்குப் பெகுந்திதாஸ், ஒற்றுமைக்குக் கொங்கோர்தியா. (ரோமரின் பழைய அக்கசாலை ஜூனோ மொனேட்டா என்னும் தேவியின் கோயிலை யடுத்திருந்தது. பணத்தைக் குறிக்கும் 'மணி' என்ற இங்கிலீஷ் சொல் அவள் பெயர்வழி வந்ததேயாம்.)

ஆயின், காசு சொல்வதெல்லாம் மெய்யாகுமோ?

பிளாவுதில்லா என்பாள் கி.பி. 202-இல் கரகல்லாவுக்கு மணஞ்செய்விக்கப்பட்டாள். மணமகனுக்கு வயது 14. அவள் தந்தை அரண்மனைக் காவற்படைத் தலைவர். அவர் செல்வாக்கே அம்மணத்திற்குக் காரணம். அவள் காசொன்றில் கணவனும் மனைவியும் கைபிடித்து நிற்கின்றனர். சுற்றிலும் 'நித்திய ஒற்றுமைக்கு' என்னும் பொருள்பட எழுதியுள்ளது. கூந்தலை வரிவரியாக வாரி முடிந்த அவ்விளமுகத்தைக் காண்போர், அது மெய்யென்றே நம்புவர். அக்காலத்தவராகிய தியோ என்னும் சரித்திராசிரியரோ, கணவன் அவளை அடியோடு வெறுத்தானென்று எழுதுகிறார். 205-இல் தந்தை கொல்லப்பட்டார். அவள் லிபாரித் தீவிற்கு ஓட்டப்பட்டாள். 211-இல் மாமனார் செவேரஸ் இறந்தபின், கணவன் கட்டளையால் அவளும் மாண்டாள். அவ்வாண்டிலேயே மாமியார் ஜூலியா தொம்னா, தன் இளைய மகன் கெதாவைத் தன் கரங்களிலேயே பறிகொடுத்தாள். கொல்வித்தவன் மூத்த மகன் கரகல்லா. அவளுடைய காசுகளிலோ வீனஸும் வெஸ்டாவும் முன்போலவே நின்றனர்!

காசுகளெல்லாம் பொய்யென்று யாம் கூறவந்தோமல்லோம். அந்தோனினஸ் பியஸின் மனைவி பௌஸ்தினா 140-இல் இறந்தாள். அவர் அவள் பெயரால் ஏழைப் பெண் குழந்தைகளைப் போஷிக்கத் தருமநிதி ஏற்படுத்தினார். 'பௌஸ்தினாவின் சிறுமியர்' என்றே பொறித்து வெள்ளிக் காசும் அடிப்பித்தார். அதிற் சக்கரவர்த்தியின் முன்னிலையிற் குழந்தைகள் காணப்படுகின்றனர். மறைந்த மனைவியின் முகந்தாங்கிய காசுகள் அவர் ஆயுளளவும் வெளிவந்தன. அவளுக்கு எடுத்த கோயிலில், 161-இல் அவர் மறைந்தபின் அவருக்கும் இடமளிக்கப்பட்டது. அக்கோயிலின் தூண்கள் ரோமாபுரியில் இன்றும் நிற்கின்றன.