காரின் இன்ஸ்பெக்ஷன் ஸ்ரிக்கரும் எங்கள் ஆட்களும்

(மான்மவுத் ஜங்ஷனில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி போன கிழமை என்னிடம் வந்து, "அண்ணை, பத்து நிமிஷம் ஏதாவது பிரயோசனமாய்க் கதையுங்கோ" என்று கேட்டார். தமிழின் பெருமை பற்றிப் பேச இங்கே என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் வெயர்ஹவுஸில் வேலை செய்கிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லப் போகிறேன். கார்க் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருக்கிற இன்ஸ்பெக்ஷன் ஸ்ரிக்கர். சிரிக்காதையுங்கோ. அந்தச் சின்னத் துண்டாலை நான் பட்ட பாடு எனக்கும் என் மனுசிக்கும்தான் தெரியும்.

எங்கள் ஊருக்குப் பெயர் ஜங்ஷன். மாகோ சந்தி மாதிரி ஒரு காலத்தில் இங்கேயும் கிளைப் பாதைகள் பிரிந்தன. இன்றைக்கு நியூயோர்க் போகிற ரயில்கள் எங்களைக் கடந்து பறக்கின்றன, ஒன்றும் நிற்பதில்லை. கார் இல்லாவிட்டால் ஒரு போத்தல் பால் வாங்கவும் வழியில்லை. ரூட் 130 பக்கத்து வெயர்ஹவுஸ்களில் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கார்தான் சோறு.

நான் 2018இல் காரின் பதிவைப் புதுப்பித்தேன். காசு கட்டியாச்சு, புதுப் பத்திரம் வந்தாச்சு, எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். பதிவு வேறு, இன்ஸ்பெக்ஷன் வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. இந்த மாநிலத்தில் ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாகப் புதுப்பிக்கப்படாது. ஸ்ரிக்கரில் மாதமும் வருஷமும் பெரிய இலக்கத்தில் இருக்கும், அந்த மாதத்தின் கடைசி நாளோடு அது முடியும். அது ஓட்டுபவரின் பக்கம், கண்ணாடியின் கீழ் மூலையில். தினமும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதாலேயே நாங்கள் அதைப் பார்க்கிறதில்லை. என்னுடையது டிசம்பரில் முடிந்திருந்தது. 2019 மார்ச்சில், இரவு வேலை முடிந்து வரும்போது, பின்னால் நீலமும் சிவப்புமாய் வெளிச்சம்.

அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். ஊரில் மறித்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஓரங்கட்டி, இறங்கி, பத்திரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்து போவோம். அதுதான் மரியாதை. ஓமந்தையிலும் வவுனியாவிலும் இறங்கி நின்று பழகின உடம்பு இது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன், ஒரு கை சட்டைப் பைக்குள். அந்தப் பொலிஸ்காரர் கத்தின கத்து இப்பவும் காதில் கிடக்கிறது. அவருடைய கை எங்கே போனது என்பதையும் கண்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துபோய் நின்றோம். அதனால் சொல்கிறேன்: இங்கே மறித்தால் இறங்கக்கூடாது. காரை நிறுத்தி, இரவென்றால் உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருங்கள். பத்திரம் கேட்ட பிறகு, "அங்கே இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். புதிதாக வந்த தம்பிமாருக்கும், ஊரிலிருந்து வந்து நிற்கிற அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அவர் ரிக்கற் எழுதித் தந்தார், நான் வீட்டுக்கு வந்தேன். பிழை இனித்தான். அந்த ரிக்கற்றைச் சாமிப் படத்துக்குக் கீழே உள்ள லாச்சிக்குள் வைத்துவிட்டேன். மனுசிக்குச் சொல்லவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே சரியான மறுமொழி இல்லை. கடிதாசி என்றால் எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. பாஸ், பதிவு, அடையாள அட்டை என்று எத்தனை கடிதாசிக்காக எத்தனை வரிசையில் நின்றோம், எத்தனை பேர் அந்த வரிசைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அரசாங்க முத்திரை குத்தின தாளைக் கண்டால் ஒளிக்கத்தான் மனம் சொல்லும். இரண்டு கடிதம் வந்தது, உடைக்காமல் அதே லாச்சிக்குள் போட்டேன்.

மூன்றாவதை என் மகள் உடைத்தாள். அவளுக்கு அப்போது 15 வயது. "அப்பா, நீங்கள் கோட்டுக்குப் போகவில்லையாம். லைசென்சை நிறுத்தலாமாம், பிடியாணை போடலாமாம்" என்று வாசித்தாள். பிடியாணை என்ற சொல்லை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள், நான் அதைத் தமிழில்தான் கேட்டேன். பிறகு, "ஏன் ஒளிச்சு வைச்சனீங்கள்?" என்று ஒரு கேள்வி. அதற்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

இப்போது சட்டம் என்ன என்று பார்ப்போம். இன்ஸ்பெக்ஷன் முடிந்த காரை ஓட்டினால் நியூ ஜேர்சியில் 100 முதல் 200 டொலர் வரை அபராதம். 30 நாள் வரை சிறை என்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, காரின் பதிவையும் ரத்துச் செய்யலாம். நீதிமன்றச் செலவும் சேரும். ஆனால் லைசென்சில் புள்ளி விழாது. ரிக்கற்றில் "கட்டாயம் வரவேண்டும்" என்று குறிக்காவிட்டால், பெரும்பாலும் குறித்த திகதிக்கு முன் இணையத்திலோ தபாலிலோ காசைக் கட்டிவிடலாம். அவ்வளவுதான் விஷயம். 100, 200 டொலரோடு முடிகிறதைத்தான் நாங்கள் லாச்சிக்குள் வைத்துப் பிடியாணையாக வளர்க்கிறோம். பிடியாணை வந்தபிறகு அடுத்த முறை மறித்தால், அது ஸ்ரிக்கர்ப் பேச்சு அல்ல. கையில் விலங்கு, கைரேகை. அகதி வழக்கு நடக்கிறவர்களுக்கும், கிறீன் கார்ட்டுக்குப் போட்டுவிட்டு இருக்கிறவர்களுக்கும் அதன் அர்த்தம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2018 நவம்பரில் இந்த மாநிலத்தின் சட்டமா அதிபர் ஒரு உத்தரவு பிறப்பித்தார். குடிவரவு நிலையை மட்டும் சந்தேகித்து மாநில, உள்ளூர்ப் பொலிசார் ஒருவரை மறிக்கவோ கைது செய்யவோ கூடாது என்பது அது. நல்லது. ஆனால் மத்திய அரசின் குடிவரவு அதிகாரிகளை அந்த உத்தரவு கட்டுப்படுத்தாது. ரிக்கற்றுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் அது மருந்தல்ல. 2021 மே மாதத்திலிருந்து, குடிவரவு நிலை எதுவானாலும் இந்த மாநிலத்தில் வசிக்கிறவர்கள் சாதாரண லைசென்ஸ் எடுக்கலாம். இன்னும் எடுக்காதவர்கள் இருந்தால், முதலில் அதைச் செய்யுங்கள். ஸ்ரிக்கருக்காக மறித்தவர் அடுத்ததாகக் கேட்பது லைசென்சும் காப்புறுதி அட்டையும்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். எங்கள் பிள்ளைகள்தானே எங்களுக்கு எப்போதும் மொழிபெயர்ப்பாளர். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அவர்கள் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டு எங்களுக்குச் சொல்கிறார்கள். மனுசி ஒரே பிடியாய் நின்றாள், "பிள்ளை வராது" என்று. பிறகுதான் தெரிந்தது, முன்கூட்டியே கேட்டால் நீதிமன்றமே இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது. கூப்பிட்டுக் கேட்டோம். தொலைபேசியில் ஒருவர் வந்தார், இந்தியத் தமிழ். "வண்டி" என்றார், நான் "வாகனம்" என்றேன், ஒருமாதிரிச் சமாளித்தோம். போவதற்கு முன்பே காரைப் பரிசோதித்து, அந்தத் தாளையும் கையில் கொண்டு போயிருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதமும் செலவும் பிந்தியதற்குக் கொஞ்சமும் கட்டினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. மாதக்கணக்காய் நித்திரை கொள்ளாமல் கிடந்த விஷயம்.

2021இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். என்-400 பத்திரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: எப்போதாவது பொலிசாரால் கைது செய்யப்பட்டீர்களா, குற்றப் பத்திரம் தரப்பட்டதா என்கிற மாதிரி. ஒரு நண்பர், "ரிக்கற்தானே, இல்லை எண்டு போடு" என்றார். சட்டத்தரணி அம்மா, "இல்லை என்று எழுதினால் அதுதான் பிரச்சினை, ரிக்கற் அல்ல" என்றார். ஆம் என்று எழுதி, காசு கட்டின துண்டையும் வைத்தோம். நேர்முகத்தில் அந்த அதிகாரி அதைப் பார்த்து, "கட்டியாச்சா?" என்று கேட்டார். கட்டியாச்சு என்றேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவர் வழக்கும் வேறு. பத்திரம் நிரப்ப முன் சட்டத்தரணியிடம் ரிக்கற் கதையைச் சொல்லிவிடுங்கள், துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள்.

இன்னுமொரு குழப்பம். ஹூஸ்டனில் இருக்கிற மச்சான், "எங்கடை இடத்திலை இன்ஸ்பெக்ஷனை எடுத்துப்போட்டாங்கள்" என்று சொல்லுவார். உண்மைதான். டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சாதாரண கார்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை இல்லை. அவருடைய ஹூஸ்டனிலேயே புகைப் பரிசோதனை இன்னும் இருக்கிறது என்பதை அவர் சொல்ல மறந்துவிடுவார். கலிபோர்னியாவில் புகைப் பரிசோதனைக்குச் சட்டம் வேறு. லண்டனில் உள்ள தங்கச்சி வீட்டுக்காரருக்கு வருஷாவருஷம் எம்.ஓ.டி. மச்சானின் சட்டம் மச்சானுக்கு. நியூ ஜேர்சியில் புதுக் காருக்கு முதல் 5 வருஷம் பரிசோதனை இல்லை, அதன் பிறகு 2 வருஷத்துக்கு ஒருமுறை. பழைய கார் வாங்கினால் பதிவு செய்து 14 நாளுக்குள் கொண்டு போகவேண்டும். 1995ஆம் ஆண்டும் அதற்கு முந்தியதுமான பெற்றோல் கார்களுக்கு 2016 மே மாதத்திலிருந்து விலக்கு. அப்படி ஒன்றை இன்னும் ஓட்டுகிறவர் இங்கே இருந்தால் அவருக்குத்தான் நாங்கள் பொன்னாடை போர்த்த வேண்டும்.

எங்கே போவது? அரசாங்கத்தின் பரிசோதனை நிலையங்களில் காசு இல்லை. எங்களுக்குக் கிட்ட எடிசனில் கில்மர் றோட்டில் ஒன்று, ரூட் 1 வழியே தெற்கே போனால் லோறன்ஸ்வில் பேக்கர்ஸ் பேசினில் ஒன்று. லைசென்ஸ், பதிவு, காப்புறுதி அட்டை மூன்றும் வேண்டும். கார் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் கொண்டு போகலாம். மாதக் கடைசியில் எல்லோரும் வருவார்கள், வரிசை நீளும். அனுமதி பெற்ற தனியார் கராஜிலும் செய்யலாம், அவர்கள் காசு எடுப்பார்கள்.

"செக் என்ஜின்" விளக்கு எரிந்தால் கார் தவறிவிடும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு: முதல்நாள் இரவு பற்றரியைக் கழற்றி மாட்டுவது. விளக்கு அணைந்துவிடும், உண்மை. ஆனால் காரின் கணினியும் தன் நினைவை இழந்துவிடும். அங்கே கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, காரின் உள்சோதனைகள் முடியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். பழுதைத் திருத்தி, ஒரு கிழமை அப்படியும் இப்படியும் ஓடிவிட்டுப் போவதுதான் வழி. தவறினால் வேறு ஸ்ரிக்கர் ஒட்டித் தவணை தருவார்கள், அதற்குள் திருத்திக்கொண்டு திரும்பப் போகலாம்.

இனி ஒரு விஷயம், இது ரிக்கற்றைவிடப் பெரிது. இந்த மாநிலம் 1938இல் கார்ப் பரிசோதனையைத் தொடங்கியது. பிறேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் பார்த்தார்கள். 2010 ஆகஸ்ட் 1 முதல் சாதாரண கார்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பார்ப்பது புகை சம்பந்தப்பட்டதை மட்டும். அதாவது ஸ்ரிக்கர் புதிதாக இருக்கிற கார், பிறேக் இல்லாத காராகவும் இருக்கலாம். நாங்கள் ஒருவரிடம் ஒருவர் பழைய கார் வாங்குகிற ஆட்கள். "ஸ்ரிக்கர் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு, நல்ல கார்" என்று விற்கிறோம், வாங்குகிறோம். பொருளாதாரத் தடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ40 காரைத் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பத்திரம் யார் பார்த்தது? ஆனால் பிறேக் பிடிக்குமா என்று பார்க்காமல் எந்த டிரைவரும் எடுக்கமாட்டார். இங்கே 65 மைல் வேகத்தில் பிள்ளைகளைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு போகிறோம். ரயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சதக் குற்றி போதும்: லிங்கனின் தலை கீழே போகிறமாதிரிக் காடிக்குள் வையுங்கள், தலை முழுக்கத் தெரிந்தால் ரயர் முடிந்தது. பிறேக் மிதிக்கும்போது இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் அடுத்த சம்பளம் வரை பொறுக்காதையுங்கோ.

காலையில் மண்டபத்துக்கு வரும்போது வாசலில் நின்ற கார்களின் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டில் திகதி முடிந்திருக்கிறது. ஒன்று மாசியில், மற்றது போன ஐப்பசியில். யாருடையது என்று மேடையில் சொல்லமாட்டேன். சாப்பாடு முடிய நான் வாசலில் நிற்பேன், வந்து கதையுங்கள். லாச்சிக்குள் கடிதம் வைத்திருக்கிறவர்களும் வரலாம், உடைத்து வாசிக்க என் மகளும் வந்திருக்கிறாள். இப்போது அவளுக்கு வயது வந்துவிட்டது, அவளாகவே கேட்டாள்.