நகத்தடியில் ஓர் எதிரொலி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகத்தைப் பற்றியும் மயிரைப் பற்றியும் பேச எழுந்திருக்கிறேன். சபையிற் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். என் பெரியம்மாவின் மோதிர விரலைக் கண்டிராவிட்டால் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன்.

திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையிலே கிணற்றுத் தண்ணீர் அந்த விரலிற் பட்டதும் அவர் துடித்துப்போவார். நகத்தில் ஒரேயோர் இடத்தைத் தொட்டாலும் கண்ணீர் வந்துவிடும். வீக்கமில்லை, காயமில்லை, எக்ஸ்-கதிர்ப் படத்திலும் ஒன்றுமில்லை. வாயு என்றார்கள். வேலைக்குக் கள்ளம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களில் எங்கள் வீட்டாரும் அடக்கம். ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பின்னர் ஒரு வைத்தியர் அந்த விரலைக் கழியொலி ஸ்கானுக்கு அனுப்பினார். நகத்தின் கீழே உழுத்தம் பருப்பிலும் சிறியதாய் ஒரு கருமை தெரிந்தது. அதனுள்ளே இரத்தம் விரைந்தோடுவதும் தெரிந்தது. 'குளோமஸ்' கட்டி என்பது அதன் பெயர். பெரும்பாலும் புற்றுநோயன்று. குளிர்பட்டால் நோவதே அதன் குணம். இடம் தெரிந்தபடியால் சத்திரவைத்தியர் அதை முழுதாக எடுத்துவிட்டார். மிச்சம் விட்டால் நோவு திரும்பிவிடுமாம்.

இந்தக் கருவியின் பூர்வீகம் கடல். 1914–1918 போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்காக, பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவன் குவாட்ஸ் பளிங்கை அதிரச்செய்து, மனிதச் செவிக்கெட்டாத ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார். 1957 வரை எமது துறைமுகத்தைத் தளமாக வைத்திருந்த பிரித்தானியக் கடற்படையும் அவ்வழியே கடலைத் துழாவியது. எமது மீனவரின் மீன் தேடுங் கருவியும் அதே வம்சம்தான். கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயன் டொனால்ட், உலோகத்தில் வெடிப்புத் தேடும் முறையை மனித வயிற்றிலே பிரயோகித்து, 1958 இல் படங்களை வெளியிட்டார். இதில் என்னை வியக்கவைத்தது ஒன்று: எமது வெதுவெதுப்பான கடல்நீரிலும் மனிதத் தசையிலும் ஒலி ஏறக்குறைய ஒரே கதியில், செக்கனுக்கு 1,540 மீற்றர் அளவில், செல்கிறது.

மீடிறன் கூடினால் நுட்பம் கூடும், ஆழம் குறையும். வயிற்றுக்கு 3 முதல் 5 மெகாஹேட்ஸ் போதும். நகத்துக்கு 15 இற்கு மேல் வேண்டும். 20 மெகாஹேட்ஸில் ஓர் அலையின் நீளம் மில்லிமீற்றரிற் பத்திலொன்றுக்கும் குறைவு. படத்தில் நகம் இரண்டு வெண்கோடுகளாகவும் இடையே ஒரு கருங்கோடாகவும் தோன்றும். அழுத்தினால் நுண்ணிய குருதிக் கலன்கள் ஒடுங்கிவிடும். ஆகவே ஜெலியைத் தாராளமாகப் பூசி, கருவியை அதன்மேல் மிதக்கவிடுவார்கள்.

நகம் தடித்துக் குழிவிழுந்தால் உடனே பங்கசு என்று மாதக்கணக்காய் மருந்து பூசுவோர் பலர். சொரியாசிஸ் நோயிலும் நகம் அவ்வாறே ஆகும். அப்போது ஸ்கானில் கீழ்க்கோடு முதலில் மங்கத் தொடங்கும். பக்கத்து மூட்டிலே, நோவு தொடங்குமுன்பே, அழற்சி தெரிவதும் உண்டு. பங்கசுதானா என்பதை நகத் துண்டை வெட்டிப் பரிசோதித்தே தீர்மானிக்க வேண்டும்.

மயிருக்கு வருவோம். மயிர்க்கால்கள் தோலுக்குள்ளே சரிந்த கருங்கீற்றுக்களாய்த் தெரியும். தலைத்தோலின் கீழுள்ள கட்டியையும் அழற்சியையும் ஆராய இது உதவும். ஆனால், இளைஞர்களே, சாதாரண முடியுதிர்வுக்கு ஸ்கான் வேண்டியதில்லை. கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும், பின்னர் பெரும்பாலும் தானே முளைப்பதும் வழக்கம். இரும்புச்சத்துக் குறைவையும் தைரொயிட் கோளாறையும் இரத்தப் பரிசோதனையே காட்டும். வழுக்கையை வைத்தியர் உருப்பெருக்குங் கண்ணாடியாற் பார்த்தே அறிந்துகொள்வார்.

இன்னுமொன்று. நகத்தில் புதிதாய்த் தோன்றி அகன்றுவரும் கருங்கோட்டின் தன்மையை ஸ்கான் முடிவாகச் சொல்லாது. சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்க நேரலாம். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். மருதோன்றியால் அதை மறைத்துவைக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டும்படி வீட்டிலுள்ள தாய்மாருக்குச் சொல்லுங்கள்.