சட்டம் படிக்கும் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போகட்டும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவன். பற்று வரவெல்லாம் கல்லூரியில் படித்ததுதான். ஆனாலும் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்த முதல் நாள் கணக்கு டேலி ஆகவில்லை. சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் வேலை கைவந்தது.

நம் குடியிருப்பில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "லீவில் கோர்ட்டுக்கு ஏன் சும்மா அலைகிறாய்?" என்று ஒரு பெற்றோர் கேட்டது லிஃப்டில் என் காதில் விழுந்தது. தயவுசெய்து தடுக்காதீர்கள். அதுவும் பாடம்தான்.

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். கட்சிக்காரரிடம் வக்கீல் எப்படி விவரம் கேட்கிறார் என்று கவனிக்க வேண்டும். மனுவும் பத்திரமும் எழுதிப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

இது எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பட்டுத் தெரிந்தது. எங்கள் பூர்வீக வீட்டு வழக்கில், மனுவில் சர்வே எண் தவறாக இருந்தது. அதைத் திருத்தவே எட்டு மாதம் போனது. தீர்ப்பு வருவதற்குள் அம்மா காலமாகிவிட்டார். வக்கீலுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒத்துப்பார்க்கும் பழக்கம்தான் இல்லை. தினமும் வவுச்சர் சரிபார்த்த நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த வருத்தம் இன்றும் உண்டு.

படிப்பு முடிந்ததும் அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. அது விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. ஒத்துப்பார்க்கும் பழக்கத்தை அது தராது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: போகாமலே சான்றிதழ் வாங்காதீர்கள். ஏமாறுவது நாளை உங்களை நம்பி வரும் கட்சிக்காரர்.

நம் குடியிருப்பு வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த லீவில் இங்குள்ள ஒரு பிள்ளையையாவது உங்கள் ஆபீசில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைல் தூக்க மட்டும் வைக்காமல், ஒரு மனுவையாவது எழுதச் சொல்லித் திருத்திக் கொடுங்கள்.